ஒருமனதாக

அத்தியாயம் 19

வாக்குக் கொடுத்து நான்கே நாள் ஆகியிருந்தது. அதற்குள் அது பெரியக்காவின் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்துவிட்டது.

போன வெள்ளிக்கிழமை அவள் இருபத்திரண்டாம் நம்பர் கடைக்குப் போயிருந்தாள். கடைக்காரர் துடைத்துப் போட்ட முக்காலியில் உட்கார்ந்து, அவரும் அவர் மனைவியும் கேட்கச் சொல்லிவிட்டு வந்தாள். "நான் இருக்கிற வரைக்கும் உங்களுக்கு ஆயிரம் காலடிக்குள்ள நம்ம கடை இன்னொண்ணு வராது. பயப்படாம வியாபாரத்தைப் பாருங்க."

யோசித்துச் சொன்ன வார்த்தை இல்லை. வாய் தவறி வந்த வார்த்தையும் இல்லை. அந்த ஆயிரம் காலடியை நடந்து அளந்தவளே அவள்தான்.

நாடு முழுக்க இன்று அறுநூற்றுப் பன்னிரண்டு கடைகள். பால், ரொட்டி, பேட்டரி, தலைவலி மாத்திரை, மழை பிடித்தால் குடை என்று அவசரத்துக்கு ஓடிவருகிறவர்களுக்கான கடைகள். எல்லாம் அப்பாவின் ஒற்றைக் கடையிலிருந்து கிளைத்தவை. அப்பா படித்தது கொஞ்சம்தான். ஆனால் ஒரு தெருமுனையில் சாயங்காலம் இரண்டு மணி நேரம் நின்று, வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிறவர்களை எண்ணிப் பார்த்தே, அங்கே கடை நிற்குமா நிற்காதா என்று சொல்லிவிடுவார். கையில் பையோடு போகிற தெருவில் நமக்கு என்ன வேலை என்பார்.

அப்படி ஒரு முனையைத் தேர்ந்தெடுத்ததும் ஒரு குடும்பத்தைக் கொண்டுவந்து கடையின் மேல் மாடியில் குடிவைப்பார். கீழே கடை, மேலே வீடு. அந்தக் குடும்பத்துக்கு அவர் கொடுத்த ஒரே உறுதி, பக்கத்தில் நம் கடை இன்னொன்று வராது என்பது. அவருக்கு முழங்கால் சரியில்லை. அதனால் ஒவ்வொரு முறையும் கடை வாசலிலிருந்து ஆயிரம் காலடி நடந்து, எல்லை இதுதான் என்று காட்டியவள் மூத்த மகள். முப்பது வருஷம் முன்னால் வக்கீலிடம் அப்பா, "ஆயிரம் காலடின்னு எழுதுங்க. என் மகள் காலடி" என்றபோது வக்கீல் சிரித்துவிட்டு, அதை மீட்டரில் மாற்றிக் கம்பெனியின் விதிப்புத்தகத்தில் எழுதினார். கூடவே ஒரு வரியும் சேர்த்தார். இயக்குநர்கள் அத்தனை பேரும் ஒருமனதாகச் சம்மதித்தாலொழிய இந்த இடைவெளியைக் குறைக்கக் கூடாது.

அந்த விதியைத்தான் இன்றைக்குத் தம்பி எடுக்கப் போகிறான்.

காலையில் சாப்பாட்டு மேஜையில் மகள் கூட்டத்துக்கான தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். மகள்தான் கம்பெனி செக்ரட்டரி. போர்டு கூட்டத்தில் யார் என்ன சொன்னார்கள், எது நிறைவேறியது என்று எழுதி வைப்பது அவள் வேலை. வீட்டில் அம்மா, ஆபீஸ் ஐந்தாம் மாடியில் மேடம். லிஃப்ட்டில் எப்படிக் கூப்பிடுவது என்று முடிவாகாததால் இருவரும் லிஃப்ட்டில் பேசிக்கொள்வதே இல்லை.

"நாலாவது விஷயம் படிச்சியாம்மா?"

"படிச்சேன்."

"உனக்குப் பிடிக்கலேன்னா வாய்விட்டுச் சொல்லிடு. ஒருத்தர் வேண்டாம்னாலும் அது நிக்காது. ஒரு வார்த்தை போதும்."

எப்படிச் சொல்ல வேண்டுமென்று தனக்குத் தெரியும் என்றாள் பெரியக்கா. மகள் தாள்களை அடுக்குவதை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

"இது தாத்தா காலத்து போர்டு இல்லம்மா."

"உன் மாமா உன் தாத்தாவோட பிள்ளைதானே."

மகள் மறுபடி தாள்களை அடுக்க ஆரம்பித்தாள். பேசியிருக்கலாம்.

ஆபீஸுக்கு வந்ததும் பெரியக்கா நேரே போனது தன் அறைக்கு இல்லை, கடைசியில் இருக்கும் சமையலறைக்கு. அங்கே டீ போடுகிறவர் அப்பா காலத்து ஆள். போர்டுக்கு வெளியாட்கள் வந்ததிலிருந்து கூட்டத்தில் தண்ணீர் பாட்டில்தான், டீ கிடையாது. அவருக்கும் பாதி வேலை போய்விட்டது.

"இன்னைக்கு மீட்டிங்குக்கு டீ வேணும். எல்லாருக்கும். பீங்கான் கப்புல."

அவர் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"எத்தனாவது விஷயத்துக்குக்கா?"

"நாலாவதுக்கு."

"சூடா கொண்டு வர்றேன்."

இந்த டீ விவகாரம் வெளியாட்களுக்கு விளங்காது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் கம்பெனிக்குப் பதினோரு கடைகள். ரொட்டி ஆலைக்காரர்கள் வீட்டுக்கு வந்திருந்த நேரத்தில், பெரியக்காவின் தாய்மாமன், கூட்டாளியாக இருந்தவர், அப்பாவை மறித்து நாலு வார்த்தை சத்தமாகப் பேசிவிட்டார். பேச்சில் நியாயம் இருந்தது. இடம்தான் தப்பு. மறுநாள் கடைவீதி முழுக்க, அந்தக் குடும்பம் விரிசல் விட்டுவிட்டது என்று பேச்சு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ரொட்டி வண்டி ஒரு வாரம் நம் கடைப் பக்கம் திரும்பவே இல்லை.

அன்றைக்கு அப்பா வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னார். இனிமேல் வெளியாள் முன்னால் நம் வீட்டில் யாருக்கும் வாய் கிடையாது. ஒரு விஷயம் பிடிக்கவில்லையென்றால் டீயைத் தொடாதீர்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்.

பார்த்தும் கொண்டார். கடை வாசல்களில் வயசானவர்கள் உட்காரும் பெஞ்சை எடுத்துவிடலாம் என்று அவர் ஒருமுறை சொன்னபோது பெரியக்காவின் கப்பு நிறைந்தபடி இருந்தது. பெஞ்சுகள் இன்றைக்கும் இருக்கின்றன. தம்பிக்கு இருபத்துநாலு வயசில், கண்ணாடிக் கதவு வைத்த ஃபிரிட்ஜ் வேண்டாம் என்று அப்பா பிடிவாதம் பிடித்தார். சப்ளைக்காரர்கள் நிறைந்த கூட்டம். தம்பி டீயைத் தொடவில்லை. அப்பா ஒரு நிமிஷம் அந்தக் கப்பைப் பார்த்தார். பிறகு, இதைப் பற்றி அடுத்த வாரம் பேசுவோம் என்று தாளை மடித்து வைத்துவிட்டார். ஃபிரிட்ஜ் வந்தது. அந்த ஃபிரிட்ஜ்தான் கம்பெனியை நூறு கடைக்குக் கொண்டுபோனது.

நாற்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அந்த மொழி பொய்த்ததில்லை. அதனால்தான் பெரியக்கா நிமிர்ந்த முதுகோடு போர்டு அறைக்குள் நுழைந்தாள்.

மேஜையைச் சுற்றி ஐந்து பேர். தலைவர் நாற்காலியில் ஒரு ரிட்டயரான பேங்க் அதிகாரி. நேர்மையான மனிதர், குரலை உயர்த்தத் தெரியாதவர், பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டுதான் பேச ஆரம்பிப்பார். அவருக்கு இந்தப் பக்கம் ஆடிட்டர் அம்மாள். அந்தப் பக்கம் கம்பெனியில் கால் பங்கு வாங்கியிருக்கும் முதலீட்டாளர்களின் ஆள். அடுத்த வருஷம் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்பதாகத் திட்டம். குடும்பமே உட்கார்ந்து குடும்பமே தலையாட்டும் போர்டை நம்பி யார் பங்கு வாங்குவார்கள் என்று கேட்டு, இந்த மூன்று பேரையும் கொண்டுவந்தது தம்பி. மிச்சம் இரண்டு நாற்காலி அவனுக்கும் அக்காவுக்கும். ஓரத்தில் நோட்டோடு மகள்.

முதல் மூன்று விஷயங்கள் கால் மணியில் முடிந்தன. டீ வந்தது.

முதலீட்டாளர்களின் ஆளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இந்தக் கம்பெனியில் டீ உண்டென்று தெரிந்திருந்தால் போன மாசமே சந்தோஷமாக வந்திருப்பேனே என்றார். ஆடிட்டர் அம்மாள் சர்க்கரை கேட்டார்.

தம்பி கப்பைப் பார்த்தான். கொண்டுவந்து வைத்த கையைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான்.

புரிந்துவிட்டது என்று பெரியக்கா நினைத்தாள். புரிந்துதான் இருந்தது.

அவன் எழுந்து போய்ச் சுவரில் வரைபடத்தைக் காட்டினான். நீலப் புள்ளிகள் நம் கடைகள். சிவப்புப் புள்ளிகள் இரண்டு வருஷமாக முளைத்துக்கொண்டிருக்கும் எதிராளியின் கடைகள். நீலத்துக்கும் நீலத்துக்கும் நடுவில் சிவப்பு அம்மையாகப் பூத்திருந்தது. நாம் விட்டு வைக்கும் இடைவெளிதான் அவன் நுழைகிற வாசல் என்றான் தம்பி. அந்த வாசல்களை நாமே அடைத்துவிட வேண்டும். நூற்று நாற்பது புதுக் கடைகள். மேலே குடும்பம் கிடையாது, கம்பெனியின் நேர் பொறுப்பு. நடத்துவதற்கு ஆள் எடுக்கும்போது பழைய கடைக்காரர்களும் மனுப் போடலாம்.

நன்றாகத்தான் பேசினான். அவன் பேசப் பேசப் பெரியக்காவுக்குப் பெருமையாகவும் இருந்தது, அதுதான் கொடுமை.

தலைவர் விதிப்புத்தகத்தைத் திறந்து, இதற்கு எல்லோருடைய சம்மதமும் வேண்டும் என்று படித்துக் காட்டினார். யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா என்று கேட்டார்.

பெரியக்கா தன் கப்பை ஒரு விரலால் தள்ளி மேஜையின் நடுப்பக்கம் வைத்தாள். விளிம்பு வரை இருந்தது. மேலே ஆடை கட்டத் தொடங்கியிருந்தது.

தம்பி இப்போது சொல்ல வேண்டும். இதை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைப்போம் என்று ஒரு வரி. அப்பா சொல்வது போல. பிறகு வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம்.

தம்பி தன் முன்னால் இருந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மேடம், நீங்க ஏதாவது சொல்லணுமா?" தலைவர் அவள் பக்கம் திரும்பினார்.

ஒரு வார்த்தைதான். காலையில் மகள் சொன்ன அதே ஒரு வார்த்தை. அது நாக்கின் நுனிவரை வந்தது. எதிரே முதலீட்டாளர்களின் ஆள் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். அவர் சாயங்காலத்துக்குள் ஒரு போன் போட்டால் போதும். அக்காவும் தம்பியும் அடித்துக்கொள்கிறார்களாம் என்று நாடு முழுக்கத் தெரிந்துவிடும். தாய்மாமன் அன்றைக்குச் செய்த அதே காரியத்தை இன்றைக்கு மூத்தவள் செய்தாள் என்று ஆகிவிடும். உடன்பிறந்தவனை வெளியாட்கள் முன்னால் மறித்துப் பேச அவளை யாரும் வளர்க்கவில்லை.

தலைவரின் பார்வை கப்பின் மேல் விழுந்தது.

"அடடா, டீ ஆறிப் போச்சே. வேற கொண்டு வரச் சொல்லட்டுமா?"

அந்த அறையிலேயே அவளுடைய கப்பைப் பற்றிக் கவலைப்பட்டவர் அவர் ஒருவர்தான். பெரியக்கா பேசாமல் இருந்தாள். மகளைப் பார்த்தாள். மகள் நோட்டைப் பார்த்துக் குனிந்திருந்தாள்.

"அப்போ மௌனம் சம்மதத்துக்கு அறிகுறின்னு எடுத்துக்கலாமா மேடம்?" கேலி இல்லை, மரியாதையோடுதான் கேட்டார். கேட்டுவிட்டு நியாயமாகக் காத்திருக்க வேண்டிய நேரம் காத்தும் இருந்தார்.

பிறகு பென்சிலால் ஒரு கோடு போட்டார். "நல்லது. ஒருமனதாக. செக்ரட்டரி, எழுதிக்கோங்க."

டீ போடுகிறவர் வந்து கப்புகளை எடுத்தார். நான்கு காலிக் கப்பு, ஒரு நிறைந்த கப்பு. தட்டைத் தூக்கும்போது அந்த நிறைந்த கப்பிலிருந்து டீ சிந்தியது. தம்பி கைக்குட்டையை எடுத்துத் துடைத்துவிட்டான்.

கூட்டம் கலைந்ததும் அவள் தம்பியின் அறைக்குப் போனாள். அவன் எழுந்து நின்றான். அந்த மரியாதையில் குறை வைத்ததே இல்லை. உட்காரச் சொன்னான். அவள் உட்காரவில்லை.

"பார்த்தியா, பார்க்கலையா?"

"பார்த்தேன்."

பொய் சொல்வான் என்று எதிர்பார்த்து வந்திருந்தாள். பொய் சொல்லியிருந்தால் அவளுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"பார்த்துமா?"

"அக்கா, அது நம்ம வீட்டுச் சாப்பாட்டு மேஜை இல்ல. தலைவர் ஒரு தடவைக்கு மூணு தடவை கேட்டார். ஒவ்வொரு தடவையும் நீ வாயைத் திறந்துடப் போறேன்னு எனக்கு உள்ளுக்குள்ள உதறல்."

"திறந்திருந்தா என்ன பண்ணியிருப்பே?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பினான். "விட்டிருப்பேன். உன்னை எதிர்த்து நான் அங்க பேசியிருப்பேனா?"

பெரியக்கா அப்போதும் உட்காரவில்லை. இருபத்துநாலு வயசில் அவன் தொடாத டீயை அப்பா மதித்தாரே, அன்றைக்கு அது வீட்டு மேஜை இல்லையே, சப்ளைக்காரர்கள் சூழத்தானே உட்கார்ந்திருந்தோம் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான்.

"அது அப்பா, அக்கா. நான் அப்பா இல்ல."

"தெரியும். அதை இவ்வளவு சுத்தமா நிரூபிச்சிருக்க வேண்டாம்."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு தணிந்த குரலில் வேறு கணக்கைச் சொன்னான். போன வருஷம் மட்டும் பழைய கடைக்காரர்களில் பதினோரு பேர் கடையைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்கள். ஒருவருக்கும் பக்கத்தில் நம் கடை வரவில்லை. எதிராளியின் கடைதான் வந்தது. ஆயிரம் காலடி என்கிற கயிறு நம் காலைத்தான் கட்டுகிறது, அவன் காலைக் கட்டவில்லை. அக்கா ஊர் ஊராகப் போய் வாக்குக் கொடுக்கிறாளே, அந்தச் சிவப்புக் கடைக்காரனிடம் போய் யார் வாக்கு வாங்குவது?

பெரியக்கா கதவைத் தானே திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டாள்.

மத்தியானம் மகள் கூட்டக் குறிப்பின் நகலோடு அவள் அறைக்கு வந்தாள். நான்காவது பத்தியில் அந்தச் சொல் கறுப்பாக இருந்தது. ஒருமனதாக.

"இதை மாத்து. எனக்குச் சம்மதம் இல்லைன்னு எழுது."

"நீ சொல்லலையேம்மா."

ஐந்தாம் மாடியில் மகள் அவளை அம்மா என்று கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. இரண்டு பேருமே அதைக் கவனித்தார்கள். இரண்டு பேருமே கவனிக்காதது போல இருந்தார்கள்.

"நீயும் பார்த்தே இல்ல?"

"பார்த்தேன். கப்பு நிறைய டீ இருந்துச்சு. அதை எந்தப் பத்தியில எழுதறது சொல்லு." மகள் நகலை மேஜைமேல் வைத்தாள். திருத்தம் கேட்க ஏழு நாள் அவகாசம் உண்டு, ஆனால் நடந்ததைத் தப்பாக எழுதியிருந்தால்தான் திருத்த முடியும், இதில் தப்பாக எதுவும் இல்லை என்று விளக்கினாள். பிறகு, கேட்காமலேயே சொன்னாள். "ஒரு சீட்டுல 'பேசு'ன்னு எழுதி உன் பக்கம் தள்ளலாம்னு நினைச்சேன். நினைச்சு முடிக்கிறதுக்குள்ள அவர் கோடு போட்டுட்டார்."

"அதை நினைச்சு முடிக்க அவ்வளவு நேரமா?"

"நான் மாமா கையெழுத்துல வேலைக்கு வந்தவம்மா. உன் கையெழுத்துல இல்ல."

உண்மைதான். மகளை வேலைக்கு எடுக்கும் தாளில் பெற்றவளே கையெழுத்துப் போடுவது அழகில்லை என்று அன்றைக்கு ஒதுங்கிக்கொண்டவள் பெரியக்காதான். கௌரவமாகத்தான் செய்தாள். கௌரவமாகச் செய்த காரியங்கள் எல்லாம் இன்றைக்கு ஒன்று விடாமல் கணக்குத் தீர்த்துக்கொண்டிருந்தன.

நாலு மணிக்கு அவள் தனியாகக் கிளம்பினாள். கொடுத்த வாக்கு தவறுவது கேவலம். தவறியதை வேறொருவர் வாயால் தெரியப்படுத்துவது அதைவிடக் கேவலம்.

இருபத்திரண்டாம் நம்பர் கடையில் கூட்டம் இல்லை. கடைக்காரர் மேல் தட்டில் சோப்பு அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி கல்லாவில். அதே முக்காலியைத் துடைத்துப் போட்டார்கள்.

அவள் நின்றபடியே சொன்னாள். விதி போய்விட்டது, இனிமேல் எந்த முனையிலும் கடை வரலாம், நான் சொன்ன சொல் நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்று கேட்பார்கள் என்று காத்திருந்தாள். கேட்டால் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தாள்.

யாரும் கேட்கவில்லை. கடைக்காரர் ஏணியிலிருந்து இறங்கி மனைவியைப் பார்த்தார். மனைவி கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்தாள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா" என்றார் கடைக்காரர்.

மனு. புதுக் கடைகள் வரப்போகும் முனைகளின் பட்டியல் மூன்று வாரத்துக்கு முன்னாலேயே, அவளுக்குத் தெரியாமல், எல்லாக் கடைக்காரர்களுக்கும் வந்துவிட்டதாம். வந்த இரண்டாம் நாளே இவர் மனுப் போட்டுவிட்டார். அதாவது வெள்ளிக்கிழமை அவள் இந்த முக்காலியில் உட்கார்ந்து வாக்குக் கொடுத்தபோது, மனு போய்ப் பத்து நாளுக்கு மேல் ஆகியிருந்தது. இரண்டு பேரும் கேட்டுக்கொண்டு, நல்லதுக்கா என்று தலையாட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"நீங்க அவ்வளவு நம்பிக்கையா சொன்னீங்க. எப்படிக்கா மறுத்துப் பேசறது? பெரிய மனுஷி வீடு தேடி வந்து சொல்லும்போது."

பெரியக்கா பாதியாக மடித்திருந்த தாளை வாங்கி, எந்த முனை என்று மட்டும் பார்த்தாள். ஆஸ்பத்திரி வாசல் முனை. பார்த்ததும் கால் தானாகவே கணக்குப் போட்டுவிட்டது. முப்பத்தொன்றாம் நம்பர் கடையிலிருந்து நானூறு காலடி, மிஞ்சிப் போனால் நானூற்றுப் பத்து. அந்தக் கடையை ஒரு பெண் தனியாக நடத்துகிறாள். மேல் மாடியில் அவள் கணவன் படுத்த படுக்கை. ஆஸ்பத்திரிக்கு வந்து போகிறவர்கள்தான் அவள் பிழைப்பு.

"முப்பத்தொண்ணாம் நம்பர் என்ன ஆகும்?"

கடைக்காரர் தரையைப் பார்த்தார். "நான் போடலேன்னா வேற ஒருத்தர் போடப் போறார்க்கா."

காலையில் வரைபடத்துக்குப் பக்கத்தில் நின்று தம்பி சொன்னதும் இதுதான். வார்த்தை வேறு, அவ்வளவே.

அதில் அவளுடைய பரிந்துரைக் கையெழுத்து வேண்டுமாம். கடைக்காரர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, அவள் பக்கம் நீட்டினார்.

"முடியாது."

சத்தமாக இல்லை. ஆனால் தெளிவாக இருந்தது. அறுபத்துமூன்று வயசில் வெளியாள் முன்னால் அவள் வாய்விட்டு மறுத்தது அதுதான் முதல் தடவை. இவ்வளவு சுலபமா என்று இருந்தது. ஐந்தாம் மாடியில் அத்தனை பேர் காத்துக் கிடந்த அந்த வார்த்தை, சோப்புத் தூசி படிந்த சட்டையோடு நின்ற ஒரு மனிதரின் முகத்தில் போய் விழுந்தது.

அவர் பேனாவை மூடினார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பாள்.

மனைவிதான் தாளை வாங்கி நீவி மடித்தாள். "அப்போ இது செல்லாதுக்கா."

"ஏன்? என் தம்பிகிட்ட போய்க் கேளுங்க. போட்டுத் தருவார்."

"அவர் போட்டுட்டார். மத்தியானம்தான் ஆபீஸ் வண்டியில வந்துச்சு." அவள் மடித்த தாளை மறுபடி பிரித்துக் கீழ்ப் பகுதியைக் காட்டினாள். தம்பியின் கையெழுத்து, காயாத மாதிரி நீலமாக. அதற்கு மேலே வெறும் கோடு. "மேல அக்கா கையெழுத்து இருந்தாத்தான் என் கையெழுத்துக்கு மதிப்புன்னு சொல்லி அனுப்பியிருக்கார். எங்களுக்கு மட்டும் இல்லக்கா. நூத்து நாப்பது மனுவும் அப்படித்தானாம்."

யாரோ உள்ளே வந்து பேட்டரி கேட்டார்கள். கடைக்காரர் எடுத்துக் கொடுக்கப் போனார்.

தம்பி மரியாதை செய்திருக்கிறானா, தண்டனை கொடுத்திருக்கிறானா? ஐம்பத்தெட்டு வருஷமாகப் பார்த்த முகம் அது. இப்போது கண்ணை மூடி அதை நினைத்துப் பார்த்தாலும் பெரியக்காவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

நாளை காலையிலிருந்து மனுப் போட்டவர்கள் வருவார்கள். ஒருவர் பின் ஒருவராக, அவள் வாசலுக்கு. ஒவ்வொருவரிடமும் அவள் வாயைத் திறந்தாக வேண்டும்.